கமரா சொல்லும் இடக்கணக்கு பிழைத்தால்: அறிகுறியிலிருந்து தேடுங்கள்

கிளிநொச்சியில் கமராவும் பிரிண்டரும் திருத்துவது என் தொழில். கடைக்கு வரும் கமராக்களில் பாதி, கனடாவிலிருந்தோ சுவிசிலிருந்தோ வந்த மச்சானோ சித்தப்பாவோ விட்டுப்போனவை. கமரா இருக்கும், பற்றரி இருக்கும், கூட வந்த சீடி மட்டும் இருக்காது. இருந்தாலும் அந்த மென்பொருள் இன்றைய விண்டோஸில் ஏறாது. கலியாண வீட்டில் படம் பிடிப்பவருக்கு வேண்டியதோ சின்ன விஷயம்: வயரைச் செருகியதும் எத்தனை காட் (படம் சேரும் மெமரி காட்) உள்ளே இருக்கிறது, எவ்வளவு இடம் மிச்சம், இன்னும் எத்தனை படம் எடுக்கலாம்.

அதற்காக ஒரு பழைய மடிக்கணினியில் நிறுவனத்தின் மென்பொருளை ஓடவிட்டு, அது கமராவோடு வயரில் என்ன பேசுகிறது என்று வயர்ஷார்க் என்ற நிரலில் ஒட்டுக்கேட்டேன். விண்டோஸில் யுஎஸ்பிபிகாப், லினக்ஸில் யுஎஸ்பிமொன், இரண்டும் இதற்கு உதவும். கேட்டதை வைத்து ஒரு சிறு நிரல் எழுதினேன். பெரும்பாலான கமராக்கள் பேசுவது பிடிபி என்ற பொது மொழிதான். 2000இல் பிமா 15740 என்ற தரநிலையாக வந்து, 2005இல் ஐஎஸ்ஓ 15740 ஆனது. அதற்கு மேல் ஒவ்வொரு நிறுவனமும் தன் கைச்சரக்கைச் சேர்த்திருக்கும். நிரலை மல்லாவி, முள்ளியவளை, புதுக்குடியிருப்புப் பெடியன்கள் சிலர் வாங்கிக்கொண்டு போனார்கள். அன்றிலிருந்து ஒரே பிழைகளைத்தான் திரும்பத் திரும்பத் திருத்திக்கொண்டிருக்கிறேன்.

கீழே வரும் கட்டளை, பதில், நிகழ்வு எண்களும் பைட் வரிசைகளும் பதினறும எண்கள் (பத்துக்குப் பதிலாகப் பதினாறை அடியாகக் கொண்டவை). மற்றதெல்லாம் வழக்கமான எண்கள்.

தொடங்குமுன் ஒன்று. காட்டில் உள்ள படங்களை முதலில் வேறிடத்தில் நகல் எடுங்கள். பிறகு வாசிக்கும் கட்டளைகளை மட்டும் அனுப்புங்கள்: 1001 (நீ யார்), 1002 (அமர்வைத் திற, அதாவது கமராவோடு பேச்சைத் தொடங்கு), 1003 (மூடு), 1004 (சேமிப்பகங்களின் பட்டியல்), 1005 (ஒரு சேமிப்பகத்தின் விவரம்). 9 என்று தொடங்கும் எண்கள் நிறுவனங்களின் சொந்தக் கட்டளைகள். என்ன செய்யும் என்று பார்ப்போமே என்று அவற்றை வரிசையாக அனுப்பிப் பார்க்காதீர்கள். நான் பார்த்தேன். லென்ஸ் பாதி வெளியே வந்தபடி நின்றுவிட்டது. பற்றரியைக் கழற்றி மாட்டியும் அசையவில்லை. நல்லவேளை, அது என் சொந்தக் கமரா.

அறிகுறி 1: வயரைச் செருகினால் ஒன்றுமே நடக்கவில்லை

முதல் சந்தேகம் வயர் மீது. போன் சார்ஜருடன் வரும் மலிவு வயர்களில் சிலவற்றுக்குள் மின்சாரம் போகும் இரண்டு கம்பிதான் இருக்கும், தகவல் போகும் இரண்டும் இருக்காது. அதே வயரில் ஒரு போனைச் செருகி, கணினியில் போனின் படங்கள் தெரிகின்றனவா என்று பாருங்கள். தெரியாவிட்டால் வயரை மாற்றுங்கள், வேறெதையும் தொட வேண்டாம். கமராவின் வாய் பழைய மினி வகையாக இருந்தால் போன் வயர் பொருந்தாது. அப்போது வேலை செய்கிறது என்று தெரிந்த இன்னொரு வயரை இரவல் வாங்கிப் பார்க்க வேண்டியதுதான்.

அடுத்தது பற்றரி. அரைகுறைச் சார்ஜில் சில கமராக்கள் எழும்பும், யுஎஸ்பியில் மட்டும் பேசாது. பிறகு மெனு. யுஎஸ்பி என்ற இடத்தில் பிடிபி, எம்டிபி, மாஸ் ஸ்டோரேஜ், பிசி ரிமோட் என்று ஏதாவது இருக்கும். மாஸ் ஸ்டோரேஜ் என்றால் கமரா வெறும் பென் டிரைவ் போல நடந்துகொள்ளும். நம் கட்டளைகள் எதற்கும் பதில் வராது.

லினக்ஸில் யுஎஸ்பி பட்டியலை விரிவாகப் பார்த்தால், பிடிபி பேசும் கமராவின் இடைமுகத்தில் வகுப்பு 6, துணைவகுப்பு 1, நெறிமுறை 1 என்று இருக்கும். அந்த 6-1-1 தெரிந்துவிட்டால் வன்பொருளில் பிழை இல்லை என்று எடுத்துக்கொண்டு அடுத்த அறிகுறிக்குப் போகலாம்.

வேறு வயரிலும் வேறு கணினியிலும் தெரியவில்லை என்றால் கமராவின் யுஎஸ்பி வாயை ரோச் அடித்துப் பாருங்கள். வன்னியில் இது வேறு ஊர்களைப் போல் அல்ல. வெயில் காலம் முழுக்கப் புழுதி, மாரியில் ஈரம். வாய்க்குள் செம்மண் இறுகியிருக்கும், அல்லது செப்பில் பச்சை படர்ந்திருக்கும். ஒரு முறை எறும்பு முட்டை வைத்திருந்தது. மண் என்றால் மெல்லிய தூரிகையால் தட்டி எடுக்கலாம். பச்சை படர்ந்திருந்தாலோ வாய் ஆடினாலோ கையை எடுத்துவிடுங்கள். அது சிறு பாகங்களை ஒட்டத் தெரிந்தவரின் வேலை. சாதாரண ஈய ஒட்டுக்கோலோடு இறங்கினால் போர்டே போய்விடும்.

அறிகுறி 2: கமரா தெரிகிறது, ஆனால் நிரலால் பிடிக்க முடியவில்லை

கமராவோடு பேசும் ஜிஃபோட்டோ2 நிரலை வைத்திருப்பவர்களுக்குக் கழித்தல் 53 என்ற பிழை எண்ணோடு இது வரும். யுஎஸ்பி சாதனத்தைக் கைப்பற்ற முடியவில்லை என்று அர்த்தம். பத்துக்கு ஒன்பது தடவை, வேறொரு நிரல் உங்களுக்கு முந்திவிட்டது. உபுண்டு போன்றவற்றில் கமராவைச் செருகிய கணமே கோப்புச் சாளரத்தில் படங்களைக் காட்டுவதற்காக ஜிவிஎஃப்எஸ் என்ற பின்னணி நிரல் கமராவைப் பிடித்துக்கொள்ளும். அந்தச் சாளரத்தில் கமராவை வெளியேற்றுங்கள். மீண்டும் பிடித்தால் பின்னணியில் ஓடும் ஜிவிஎஃப்எஸ் ஜிஃபோட்டோ செயல்களை நிறுத்துங்கள்.

விண்டோஸில் வேறு கதை. அங்கே கமராவுக்கு விண்டோஸே ஒரு டிரைவரைப் போட்டுவிடும், சொந்த நிரலால் நேரே பேச முடியாது. ஸடிக் என்ற கருவியால் அதை வின்யுஎஸ்பி டிரைவராக மாற்றலாம். மாற்றினால் நிறுவனத்தின் மென்பொருளுக்கு அந்தக் கமரா தெரியாமல் போகும். ஆகவே ஒட்டுக்கேட்கும் வேலையை முதலில் முடியுங்கள், டிரைவரை மாற்றுவது அதற்குப் பிறகு. நான் தலைகீழாகச் செய்து அரைநாளைத் தொலைத்தேன்.

இதற்குத் திருத்துபவர் எவரும் தேவையில்லை.

அறிகுறி 3: முதல் கட்டளைக்கே மறுப்பு வருகிறது, அல்லது பதிலே வரவில்லை

பதில் எண்ணைப் பாருங்கள். 2001 என்றால் சரி.

*2003 வந்தால்:* அமர்வைத் திறக்காமல் கேட்டிருக்கிறீர்கள். 1001 மட்டும்தான் அமர்வு இல்லாமலும் பதில் தரும். 1004க்கும் 1005க்கும் முதலில் 1002 போக வேண்டும். அமர்வு எண் சுழியாக இருக்கக் கூடாது, 1 போதும்.

*அமர்வு ஏற்கெனவே திறந்திருக்கிறது என்று வந்தால்:* போன தடவை நிரல் இடையில் விழுந்து 1003 அனுப்பாமல் போயிருக்கும். ஒரு 1003 அனுப்பிவிட்டு மீண்டும் திறங்கள்.

*2019 வந்தால்:* கமரா வேலையாக இருக்கிறது. காட்டில் எழுதி முடிக்கும்வரை சிவப்பு லைட் மினுங்கும். அரை விநாடி பொறுத்து மீண்டும் கேளுங்கள்.

*பதில் வருகிறது, ஆனால் எல்லாம் ஒரு படி பிந்தி வருகிறது:* 1004க்கான பதில், நீங்கள் 1005 கேட்ட பிறகு வந்து சேரும். பார்க்க மாயம் மாதிரி இருக்கும். காரணம் ஒன்றே: தகவல் பொதி வந்ததும் நிரல் திருப்திப்பட்டுவிட்டது, அதன் பின்னால் வரும் பதில் பொதியை வாசிக்கவில்லை. ஒவ்வொரு பொதியின் தலையிலும் 12 பைட் இருக்கும்: நீளம் 4, வகை 2, எண் 2, பரிமாற்ற எண் 4. வகை 1 கட்டளை, 2 தகவல், 3 பதில், 4 நிகழ்வு. 3ஆம் வகை வரும்வரை வாசிப்பை நிறுத்தாதீர்கள். பரிமாற்ற எண் நீங்கள் அனுப்பியதோடு ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள்.

*தொங்கி நின்றால்:* தகவலின் நீளம் சரியாக 512இன் மடங்காக அமைந்திருக்கலாம். அதிவேக யுஎஸ்பியில் அப்படிப்பட்ட பொதியின் பின்னால் ஒன்றுமில்லாத ஒரு வெற்றுப் பொட்டலம் வரும். அதை வாசித்துத் தள்ளாவிட்டால் அடுத்த வாசிப்பு குழம்பும். பழைய முழுவேகக் கமராக்களில் 512க்குப் பதிலாக 64 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இவை எதிலும் அகப்படாவிட்டால் வயரைக் கழற்றி, கமராவை நிறுத்தி, பற்றரியை எடுத்து மாட்டுங்கள். அதன் பிறகும் 1001க்கே பதில் இல்லை என்றால், அந்தக் கமராவை நிறுவனத்தின் மென்பொருளோடு ஒரு தடவை இணைத்துப் பாருங்கள். அங்கும் பேசாவிட்டால்தான் கமராவில் பழுது.

அறிகுறி 4: காட் உள்ளே இருக்கிறது, கமரா இல்லை என்கிறது

1004 கேட்டால் எட்டிலக்க எண்கள் வரும். முன் நான்கு எந்தக் குழி என்று சொல்லும். பின் நான்கு அதற்குள் எந்தப் பகுதி என்று சொல்லும். 00010001 என்றால் முதல் குழியில் காட் இருக்கிறது. 00010000 என்றால் குழி இருக்கிறது, காட் இல்லை. இரண்டு குழிக் கமராவில் 00020001 என்றும் ஒன்று வரலாம். இதைக் கவனிக்காமல் எல்லாவற்றுக்கும் 1005 அனுப்பினால் 2008 (அப்படியொரு சேமிப்பகம் இல்லை) அல்லது 2013 (சேமிப்பகம் கிடைக்கவில்லை) வரும். அதைக் காட் பழுது என்று காட்டிக்கொண்டிருந்தது என் முதல் நிரல். பின் நான்கும் சுழி என்றால் கேட்காமல் தாண்டுங்கள், அவ்வளவுதான்.

காட் உண்மையிலேயே உள்ளே இருந்தும் 00010000 வந்தால்:

கதவு சரியாக மூடியிருக்கிறதா என்று பாருங்கள். பல கமராக்களில் காட் கதவின் ஓரத்தில் ஒரு சிறு விசை உண்டு. கதவின் பிளாஸ்டிக் முனை உடைந்திருந்தால் விசை அழுத்தப்படாது, காட் இல்லை என்றே கமரா நினைக்கும்.

காட்டின் வகையைப் பாருங்கள். வெளிநாட்டிலிருந்து வரும் மிகப் பழைய கமராக்களுக்கு 2 ஜிபி வரையான எஸ்டி மட்டுமே தெரியும், எஸ்டிஎச்சி தெரியாது. அதற்கடுத்த தலைமுறைக்கு 32 ஜிபி வரையான எஸ்டிஎச்சி தெரியும், 64 ஜிபி எஸ்டிஎக்ஸ்சியில் உள்ள எக்ஸ்ஃபாட் என்ற கோப்பமைப்பு தெரியாது. இன்று கடையில் சின்னக் காட் தேடுவதுதான் பெரிய பாடு.

காட்டின் பொன் தடங்களைப் பென்சில் அழிறப்பரால் மெல்லத் தேய்த்துத் துணியால் துடையுங்கள். அழிறப்பர்த் தூள் குழிக்குள் போகக் கூடாது.

நிறுவனத்தின் மென்பொருள் காட்டைக் காண்கிறது, உங்கள் நிரல் மட்டும் காணவில்லை என்றால், 1001 தரும் கட்டளைப் பட்டியலைப் பாருங்கள். கெனன் ஈஓஎஸ் கமராக்களில் பொதுவான 1004, 1005 போதாதென்று 9101, 9102 என்று நிறுவனத்தின் சொந்த இரட்டையும் உண்டு. ஒட்டுக்கேட்ட பதிவில் நிறுவன மென்பொருள் எதைக் கேட்கிறது என்று பார்த்து அதையே கேளுங்கள். லிப்ஜிஃபோட்டோ2இன் திறந்த மூலநிரலில் இந்த எண்களின் நீண்ட பட்டியல் இருக்கிறது. ஊகிப்பதற்கு முன் அதைத் திறந்து பாருங்கள்.

சிஎஃப் காட் குழியில் ரோச் அடித்தால் ஊசிகள் வரிசையாகத் தெரியும். ஒன்று வளைந்திருந்தாலும் நிறுத்திவிடுங்கள். நிமிர்த்தப் போய் ஒடித்தவர்கள் என் கடைக்கு வந்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு குழியையே மாற்றுவதைத் தவிர வழியில்லை. அந்தச் செலவுக்கு இன்னொரு பழைய கமராவே வாங்கலாம்.

அறிகுறி 5: காட்டின் அளவு பிழையாக வருகிறது

இதில்தான் அதிக நேரம் போயிருக்கிறது.

மல்லாவியிலிருந்து ஒரு பெடியன் வந்தான். "அண்ணை, 32 எண்டு வாங்கின காட், ரெண்டுகூட இல்லை எண்டு காட்டுது. டூப்பிளிக்கேட் காட்டைத் தலையில கட்டிப்போட்டாங்கள்." கடைக்காரரோடு சண்டை பிடித்துவிட்டு நேரே வந்திருந்தான். வாங்கிச் செருகினேன். என் நிரலும் அதையே காட்டியது: 1,983,905,792 பைட். சரி, நிரலை விடு, பைட்டைப் பார்ப்போம் என்று 1005க்கு வந்த தகவலைத் திறந்தேன். தலைப்பு 12 பைட்டைக் கழித்த பிறகு இப்படி இருந்தது:

04 00 03 00 00 00
00 00 40 76 07 00 00 00
00 00 50 12 04 00 00 00
58 06 00 00
03 53 00 44 00 00 00
00

முதல் வரியில் மூன்று சோடி. 0004 என்றால் கழற்றி மாட்டக்கூடிய, எழுதக்கூடிய காட். 0003 என்றால் கமராக்கள் வழக்கமாகப் பின்பற்றும் டிசிஎஃப் கோப்பமைப்பு. 0000 என்றால் வாசிக்கவும் எழுதவும் அனுமதி. இரண்டாவது வரி மொத்த அளவு, மூன்றாவது மிச்ச இடம், ஒவ்வொன்றும் 8 பைட். நான்காவது இன்னும் எத்தனை படம், 4 பைட். பிறகு விவரணையும் காட்டின் பெயரும்.

எண்கள் கடைசிப் பைட்டிலிருந்து முன்னோக்கி வாசிக்கப்பட வேண்டும். இரண்டாவது வரியை எட்டுப் பைட்டாக வாசித்தால் 32,048,676,864. நல்ல 32 ஜிபி காட். என் நிரல் முதல் நாலு பைட்டை மட்டும் வாசித்து, அந்த 07ஐ விட்டுவிட்டது. நான் அதை எழுதும்போது கையில் இருந்தது 2 ஜிபி காட்; அதில் நாலு பைட்டே போதுமாக இருந்தது. காட்டும் நல்லது, கடைக்காரரும் நல்லவர், டூப்பிளிக்கேட் என் நிரல்தான். பெடியனிடம் சொன்னேன்: "தம்பி, போய் அந்தாளிட்ட மன்னிப்புக் கேள். என்ர பேரையும் சொல்லு."

இந்த ஒரே காட்டை வைத்து மற்றக் கிளைகளையும் பார்த்துவிடலாம்.

*1.98 ஜிபி என்று வந்தால், அல்லது வேறு காட்டில் கழித்தல் குறியோடு வந்தால்:* 4 பைட் பிழை. 8 பைட்டாக, குறியில்லாத எண்ணாக வாசியுங்கள்.

*489,024 என்று வந்தால்:* உண்மை அளவை 65,536ஆல் வகுத்தால் இதுதான் வரும். இரண்டு பைட் தள்ளி வாசித்திருக்கிறீர்கள். சி மொழியில் ஒரு அமைப்பை (ஸ்ட்ரக்ட்) அப்படியே தகவல் மீது பொருத்தினால், 6 பைட்டுக்குப் பிறகு வரும் 8 பைட் எண்ணைக் கம்பைலர் 8ஆவது இடத்துக்குத் தள்ளிவிடும். கமராவின் தகவலில் அந்த இடைவெளி கிடையாது. அமைப்பை இடைவெளியின்றி இறுக்கச் சொல்லுங்கள், அல்லது என்னைப்போல் ஒவ்வொரு பைட்டாக எடுத்துக் கூட்டுங்கள். இரண்டாவது வழி அழகில்லை, பிழைப்பதுமில்லை. மிச்ச இடத்தின் முதலிரு பைட் சுழியாக இல்லாத காட்டில் இதே பிழை எண்ணிப்பார்க்க முடியாத பெரிய எண்ணைத் தரும். ஆகவே ஒரு காட்டில் மிகச் சிறிது, மறு காட்டில் மிகப் பெரிது என்று மாறி மாறி வந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

*கிட்டத்தட்ட 71 டெராபைட் என்று வந்தால்:* முன்பின்னாக வாசித்துவிட்டீர்கள்.

*29.8 என்று வந்தால்:* பிழையே இல்லை. காட் விற்பவர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், கணினி 1024ஆக எண்ணுகிறது.

*எண் சரி, ஆனால் படங்கள் பாதிக்குமேல் சாம்பல் நிறமாக வருகின்றன:* இப்போதுதான் உண்மையான டூப்பிளிக்கேட் காட்டைப் பற்றிப் பேசலாம். கமரா அளந்து பார்ப்பதில்லை. காட் தன்னைப்பற்றிச் சொன்னதை நமக்கு ஒப்பிக்கிறது. 8 ஜிபி சில்லை வைத்து 64 என்று சொல்லும் காட்டிடமிருந்து பிடிபியில் 64தான் வரும். ஒரே சோதனை, காட்டை வெறுமையாக்கி முழுவதும் எழுதி முழுவதும் வாசிப்பது. லினக்ஸில் எஃப்3, விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ. பெரிய காட்டுக்கு மணிக்கணக்காகும், கறண்ட் நிற்காத நாளாகப் பாருங்கள். அதில் யாருடைய கலியாணப் படமாவது இருந்தால் இந்தச் சோதனையைச் செய்யவே வேண்டாம். எழுதுவதால் மிச்சமிருப்பதும் போய்விடும். காட்டைக் கழற்றி, பூட்டை இறக்கி, தரவு மீட்பவரிடம் அப்படியே கொடுங்கள். ஃபோர்மட் செய்யச் சொல்லிக் கமரா கேட்டாலும் செய்யாதீர்கள்.

அறிகுறி 6: மிச்சப் படங்களின் எண்ணிக்கை ஒத்துவரவில்லை

4,294,967,295 படம் எடுக்கலாம் என்று வந்தால் சந்தோஷப்பட வேண்டாம். நாலு பைட்டும் நிரம்பியிருந்தால், இந்த எண்ணை நான் தருவதில்லை என்று கமரா சொல்கிறது. மேலே உள்ள 58 06 என்பது 1624 படம். மிச்ச இடத்தை இதனால் வகுத்தால் ஒரு படத்துக்குக் கிட்டத்தட்ட 10.8 எம்பி. படத்தின் தரத்தை மாற்றினால் இதுவும் மாறும். இது வெறும் மதிப்பீடு. வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போகிறவர் இதை நம்பி இரண்டாவது காட்டை வீட்டில் விட்டுவிட்டுப் போகக் கூடாது.

படம் எடுத்த பிறகும் எண் மாறாமல் நின்றால் மீண்டும் 1005 கேளுங்கள். அதற்கும் மாறாவிட்டால் அமர்வை மூடித் திறங்கள். சில கமராக்கள் அமர்வு தொடங்கும்போதுதான் கணக்குப் பார்க்கும். காட்டைக் கழற்றி மாட்டியதை நிரல் அறியவில்லை என்றால், கட்டளை போகும் வழி, பதில் வரும் வழி இரண்டும் தவிர நிகழ்வுகளுக்கென்றே உள்ள மூன்றாவது வழியை நீங்கள் வாசிப்பதே இல்லை. காட் ஏறினால் 4004, இறங்கினால் 4005 அங்கேதான் வரும்.

அறிகுறி 7: காட்டின் பெயர் குழம்பித் தெரிகிறது

மேலே கடைசிக்கு முந்திய வரி விவரணை, பெயரும் இதே முறையில்தான் வரும்: 03 53 00 44 00 00 00. முதல் 03 எத்தனை எழுத்து என்ற எண்ணிக்கை, முடிவுச் சுழியும் சேர்த்து. பிறகு ஒவ்வொரு எழுத்துக்கும் இரண்டு பைட். 53, 44 என்பவை எஸ், டி. எண்ணிக்கையைப் பைட் கணக்கு என்று எடுத்தால் பெயர் பாதியில் நிற்கும். பெயர் இல்லாவிட்டால் ஒற்றை 00 மட்டும் வரும். அதற்குப் பின்னாலும் இரண்டு பைட் முடிவுச் சுழியைத் தேடினால் நிரல் பொதிக்கு வெளியே போய் விழும். என் நிரலை எடுத்துப்போனவர்கள் பெயர் வைக்காத காட்டைச் செருகியதும் அது மூடிக்கொண்டால் காரணம் இதுதான். கடைக்கு வந்தால் புதிய பிரதி தருகிறேன், பென் டிரைவ் மட்டும் கொண்டுவாருங்கள்.